வீட்டுக்குள் வேப் இழுக்கும் வளர்ந்த பிள்ளை: பெற்றோர் எங்கிருந்து தொடங்குவது?

என் மாமியாருக்கு இரைப்பு. மழைக்காலம் வந்துவிட்டால் நெபுலைசர் இல்லாமல் முடியாது. சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சுவிட்ச் போர்டுக்குக் கீழே ஒரு ஸ்டூல், அதன்மேல் அந்த மெஷின் எப்போதும் இருக்கும். போன ஐப்பசியில் ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: "ஏங்கண்ணு, தம்பிக்கும் இரைப்பு வந்துருச்சா? ராத்திரி ரூம்ல ஆவி புடிச்சுக்கிட்டு இருந்தான். எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே."

ஸ்டூலைப் பார்த்தேன். நெபுலைசர் வயருக்குப் பக்கத்திலேயே, போன் சார்ஜரில், மார்க்கர் பேனா கனத்தில் ஒரு நீலக் குச்சி செருகிக் கிடந்தது. பென் டிரைவ் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எடுத்து மோந்து பார்த்தால் மாம்பழ எசென்ஸ் வாசம். பாத்ரூமில் மூன்று மாதமாக வந்துகொண்டிருந்த, புது ஷாம்பு என்று நான் விட்டுவிட்ட அதே வாசம். அது வேப், அதாவது மின்னணு சிகரெட்.

மகனுக்கு அப்போது 20 வயது. கல்லூரி மூன்றாம் ஆண்டு, வீட்டிலிருந்துதான் போய்வருகிறான். அன்றிலிருந்து ஏழெட்டு மாதம் நான் செய்த தப்புகளும், பிறகு சரியாக வந்தவையும் இதில் இருக்கின்றன. உங்கள் பிள்ளைக்கு 18 தாண்டியிருந்து, நீங்கள் இப்போதுதான் கண்டுபிடித்திருந்தால், முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். "வீட்டுக்குள் கூடாது" என்பது ஒரு பேச்சு. "விட்டுத் தொலை" என்பது வேறு பேச்சு. முதலாவது உங்கள் கையில் இருக்கிறது, வீடு உங்களுடையது. இரண்டாவது அவன் உடம்பு, அவன் மனசு, நிக்கோட்டின் மூன்றும் சம்பந்தப்பட்டது. இரண்டையும் ஒரே மூச்சில் பேசினால் இரண்டும் கெட்டுப்போகும். நான் மூன்று மாதம் அப்படித்தான் கெடுத்தேன்.

கையில் கிடைத்தது என்ன என்று பாருங்கள்

கண்டுபிடித்த அன்றைக்கே சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு நாள் பொறுத்து, அது என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளுங்கள். வேப் பல உருவத்தில் வருகிறது: பேனா மாதிரி, பென் டிரைவ் மாதிரி, சின்ன ஜூஸ் டப்பா மாதிரி. சில தீர்ந்ததும் தூக்கிப் போடுபவை. சிலவற்றில் 'பாட்' என்கிற சின்னக் குப்பியை மட்டும் மாற்றுவார்கள். உள்ளே ஒரு பேட்டரி, ஒரு சூடாகும் கம்பிச்சுருள், அதில் ஊறும் திரவம். அந்தத் திரவத்தில் புரொப்பிலீன் கிளைகால், கிளிசரின், ஃப்ளேவர், பெரும்பாலும் நிக்கோட்டின்.

"அது வெறும் ஆவிம்மா, தண்ணிதான்" என்று பிள்ளை சொல்வான். என் பிள்ளையும் சொன்னான், அவன் அதை நம்பவும் செய்தான். அது தண்ணீர் ஆவி இல்லை. நிக்கோட்டினும் நுண்துகள்களும், கம்பிச்சுருளிலிருந்து வரும் உலோகத் துணுக்குகளும் கலந்த மென்புகை. சிகரெட் மாதிரி தார் கிடையாது என்பது உண்மைதான். அதற்காகப் பக்கத்தில் இருக்கிற ஆஸ்துமாக்காரருக்கு ஒன்றும் ஆகாது என்று அர்த்தம் இல்லை, மூச்சுக்குழாய் சுருங்க அது போதும். மூடிய அறையில், ஜன்னல் சாத்திய மழை ராத்திரியில், அது எங்கேயும் போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

டப்பாவில் எழுதியிருக்கிற எண்ணைப் படியுங்கள். 5% என்று போட்டிருந்தால் ஒரு மில்லி லிட்டரில் 50 மில்லி கிராம் நிக்கோட்டின். 2 மில்லி பிடிக்கும் குப்பி என்றால் மொத்தம் 100 மில்லி கிராம். ஒரு சிகரெட் பிடித்தால் உடம்பில் ஏறுவது ஏறக்குறைய 1 முதல் 2 மில்லி கிராம்தான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான், ராத்திரி 11 மணிக்கு அவன் ஏன் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்துகிறான் என்று எனக்கு விளங்கியது. இரத்தத்தில் நிக்கோட்டின் அளவு சுமார் 2 மணி நேரத்தில் பாதியாக இறங்கிவிடும். இறங்க இறங்க உடம்பு கேட்கும். விதியை மீறுவது உங்களை மதிக்காததால் மட்டும் இல்லை. இது தெரிந்தால் உங்கள் குரல் தானாகவே கொஞ்சம் இறங்கும்.

ஒரு எச்சரிக்கை. வாசம் பழம், புதினா என்று இல்லாமல் பச்சிலை எரிந்த மாதிரி இருந்தால், திரவம் பிசுபிசுவென்று எண்ணெய் போல இருந்தால், அது கஞ்சா எண்ணெயாக இருக்கலாம். 2019-இல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்களுக்கு நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள், இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலோர் கஞ்சாச் சத்து கலந்த திரவத்தைப் பிடித்தவர்கள், அதில் சேர்த்திருந்த வைட்டமின் ஈ அசிடேட் முக்கியக் காரணமாகத் தெரிந்தது. அப்படிச் சந்தேகம் வந்தால் இந்தக் கட்டுரையில் உள்ள நிதானம் எல்லாம் வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள்.

சட்டத்தில் உங்களைத் தொடும் இடம்

தமிழ்நாட்டில் வேப்புக்கு 2018-லேயே தடை வந்துவிட்டது. 2019-இல் மத்திய அரசு நாடு முழுக்க மின்னணு சிகரெட் தடைச் சட்டம் கொண்டுவந்தது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், ஆன்லைன் விற்பனை எல்லாம் குற்றம். முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது சேமிப்புப் பிரிவு. தெரிந்தே தன் இடத்தில் இருப்பு வைக்க விடுபவருக்கும் 6 மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. பையன் தான் பிடிக்க ஒன்று வைத்திருப்பதும், நண்பர்களுக்கு வாங்கிக் கொடுக்கிறேன் என்று கட்டில் அடியில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வைத்திருப்பதும் ஒன்றில்லை. பெட்டி இருந்தால் அதில் பேரம் கிடையாது. அன்றைக்கே வீட்டை விட்டுப் போக வேண்டும், பெட்டிதான், பையன் இல்லை.

வீட்டில் பெரியவர்கள் முதலில் பேசி முடியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள் என்று நினைக்கிறேன், நான் உட்பட. நான் மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "வீட்டுக்குள்ள இனிமே கூடாது சாமி" என்றதும் அவன் கேட்ட முதல் கேள்வி: "அப்பா மொட்டை மாடியில சிகரெட் புடிக்கிறாரே, அது எந்த வீடு?"

எனக்குப் பதில் இல்லை. என் வீட்டுக்காரர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். ராத்திரி வந்து சாப்பிட்டதும் மாடிக்குப் போய் ஒன்று பிடிப்பது இருபது வருசப் பழக்கம். அதை யாரும் பெரிதாக எடுத்ததே இல்லை. அன்றைக்குப் பேச்சு அங்கேயே நின்றுபோனது.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் மாமியாரிடம் போய் உட்கார்ந்தோம். அவர் சொன்னார்: "உங்க மாமனார் பீடி குடிச்சாரு. கல்யாணமாகி வந்த வருசமே சொல்லிட்டேன், வாசப்படி தாண்டித்தான் பத்த வெக்கணும்னு. சாகுற வரைக்கும் திண்ணையிலதான் குடிச்சாரு. நான் வுடச் சொல்லல, சொன்னா கேட்டிருக்க மாட்டாரு." எங்கள் வீட்டு விதி அப்படித்தான் கிடைத்தது. புதிதாக ஒன்றும் எழுதவில்லை, ஐம்பது வருசமாக அந்த வீட்டில் இருந்த விதியைத் திரும்ப எடுத்தோம். சிகரெட்டோ வேப்போ, வாசப்படி தாண்டி, முன்வாசல் வேப்பமரத்தடியில். அப்பாவுக்கும் அதேதான். என் வீட்டுக்காரர் அன்றைக்கு ராத்திரியே கீழே இறங்கி மரத்தடியில் நின்றார். மகன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். நான் பேசிய எல்லாவற்றையும் விட அது வேலை செய்தது.

பெரியப்பா, மாமா, பாட்டி யாராவது "விடு, சின்னப் பையன்" என்று நடுவில் வருவார்களா என்றும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கூட்டாக இருக்கும் வீட்டில் ஒருவர் இளகினால் போதும், விதி செத்துவிடும்.

விதி ஒரே வாக்கியமாக இருக்கட்டும்

"ஒழுங்கா இரு", "கண்ட பழக்கம் வேண்டாம்" இவையெல்லாம் விதி இல்லை. எந்த இடம் உள்ளே, எந்த இடம் வெளியே என்று அவனுக்கும் உங்களுக்கும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். பாத்ரூம் உள்ளேதான், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினாலும். ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினாலும் உள்ளேதான். கார் உள்ளே. மாடிப்படி உள்ளே. மொட்டை மாடியையும் வெளியே என்று நாங்கள் சேர்க்கவில்லை, மாமியார் வடகம் காயப்போட மேலே போவார். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தால் பால்கனி பற்றி யோசியுங்கள், மேல்வீட்டுக் குழந்தையின் ஜன்னலுக்கு நேராக இருக்கலாம்.

எங்களுக்கு மிகவும் உதவிய யோசனை ஒன்று. செருப்பை வீட்டுக்குள் போட்டு நடப்பதில்லை, வாசலில் விட்டுவிட்டுத்தான் வருகிறோம். வேப்பும் அப்படியே. வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே, ஆள் உயரத்தில், மூடியுள்ள ஒரு டப்பா வைத்தோம். வெளியிலிருந்து வந்தால் அதில் போட வேண்டும், எடுக்க வேண்டுமானால் வாசலுக்குப் போக வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தால் பாதித் தூக்கத்தில் கை தானாகப் போகும். எழுந்து, நடந்து, கதவைத் திறந்து போவதற்குள் பாதி தடவை வேண்டாம் என்று தோன்றிவிடுகிறது என்று அவனே பிறகு சொன்னான். டப்பா உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அந்தத் திரவம் பழவாசனை அடிக்கும் விஷம், சின்னக் குழந்தை கொஞ்சம் விழுங்கினாலே வாந்தி, வலிப்பு வரை போகும். விடுமுறைக்கு நாத்தனார் குழந்தைகள் வருகிற வீடு எங்களுடையது.

சார்ஜ் போடுவதும் ஆள் விழித்திருக்கும்போது மட்டும், கண் படுகிற இடத்தில். தலையணைக்கு அடியில், மெத்தை மேல் கூடவே கூடாது. லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடிக்கும் தன்மை உள்ளது.

சொல்லும் விதம்

ஊரே தூங்கும் நேரத்தில், அவன் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்போது கதவைத் தட்டிப் பேசாதீர்கள். அது பிடிபட்ட நேரம், பேசுகிற நேரம் இல்லை. நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போனோம். ஏறும்போது பேச வேண்டாம், இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, வண்டி ஓட்டுகிறவனிடம் மனசைக் கலைக்கக் கூடாது. மேலே போய் டீ வாங்கிக்கொண்டு சேலம் தெரிகிற ஒரு திட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். முகத்தைப் பார்க்காமல் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு பேசுவது எளிது. மலை ஏற முடியாவிட்டால் மாலையில் ஒரு தட்டுவடை செட்டுக் கடைக்குக் கூட்டிப்போனாலும் போதும்.

நான் சொன்னது இவ்வளவுதான்: "நீ புடிக்கிறது எனக்குத் தெரியும். எனக்குப் புடிக்கல, பயமா இருக்கு. அதை இன்னொரு நாள் பேசலாம். இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு. வாசப்படிக்கு உள்ள வேண்டாம். ஆயாவுக்கு மூச்சு வாங்குது. அப்பாவும் வெளியதான்."

"வெளிய புடின்னு நீங்களே சொல்றீங்களா?" என்றான்.

"சரின்னு சொல்லல. உள்ள கூடாதுன்னு சொல்றேன்."

உங்களுக்கும் இந்தக் கேள்வி வரும். சில உறவினர்களும், "நீயே இடம் காட்டிக் கொடுத்துட்டியே" என்பார்கள். எனக்கும் ஒரு வாரம் உறுத்தியது. ஆனால் இடம் காட்டாதபோது அவன் பிடிக்காமல் இருக்கவில்லை, மாமியாரின் படுக்கைக்கு ஒரு சுவர் தள்ளிப் பிடித்தான்.

மீறும்போது

மீறுவான். எங்கள் வீட்டில் ஒன்பதாம் நாள். மழை, ராத்திரி பதினொன்றரை, பாத்ரூம், மறுபடி மாம்பழ வாசம்.

என் பழைய தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் ஒரு தடவை அந்தக் கருவியைப் பிடுங்கி, அம்மிக்கல்லில் வைத்துத் தட்டி, குப்பைத் தொட்டியில் போட்டேன். அவன் நண்பனிடம் கடன் வாங்கி இரண்டாம் நாளே இன்னொன்று வாங்கினான். கடன் சேர்ந்தது, பொய் சேர்ந்தது, பழக்கம் அப்படியே இருந்தது. உடைத்த பேட்டரியிலிருந்து புகை வந்தது தனிக்கதை. அதை நீங்கள் செய்யாதீர்கள். வேண்டாதது கையில் கிடைத்தால் உடைக்கவோ தண்ணீரில் போடவோ வேண்டாம். தனியாக எடுத்து வைத்து, பேட்டரி இருக்கிறது என்று சொல்லி மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.

"வீட்டை விட்டுப் போ" என்பதும் வேண்டாம். கல்யாணமான பிறகும் பிள்ளை அப்பா அம்மாவோடு இருக்கும் ஊர் நம்முடையது. போகச் சொல்ல மாட்டீர்கள் என்று உங்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். செய்ய முடியாததைச் சொன்னால் அடுத்து நீங்கள் சொல்லும் செய்யக்கூடியதும் எடுபடாது. கல்லூரிக் கட்டணத்தைக் கட்ட மாட்டேன் என்பதும் இதே வகை. சொந்தக்காரர் நடுவில் மானத்தை வாங்குவது எல்லாவற்றிலும் மோசம்.

எது வேலை செய்யும்? சின்னது, உடனே நடப்பது, மீறியதோடு சம்பந்தம் உள்ளது. நாங்கள் முன்பே பேசி வைத்தது இப்படி. உள்ளே பிடித்தால் மறுநாள் காலையில் அவன்தான் அந்த அறையைத் துடைக்க வேண்டும்: திரைச்சீலை, தலையணை உறை துவைத்து, ஈரத்துணியால் சுவரும் கதவும். வேப் புகையின் படிவு கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டும், தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும். இரண்டாம் முறை மாதச் செலவுக்குக் கொடுக்கும் 3,000-த்தில் 500 குறையும். மூன்றாம் முறை இன்னும் 500. நான் கொடுக்கும் காசு அதற்குப் போகக் கூடாது என்று மட்டும் சொன்னேன். பெட்ரோல், பஸ், புத்தகச் செலவில் கை வைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் நான் கத்தவில்லை. பக்கெட்டையும் துணியையும் அவன் அறை வாசலில் வைத்துவிட்டு இட்லி ஊற்றப் போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு இரண்டு முறை மீறினான், இரண்டு முறையும் 500 குறைந்தது. பிப்ரவரிக்குப் பிறகு உள்ளே இல்லை.

பிள்ளை சம்பாதிக்கிறான் என்றால் காசுக் கணக்கு செல்லாது. அங்கே நீங்கள் வைத்திருப்பது வீட்டின் காற்று மட்டும்தான். சுத்தம் செய்வதும் வாசல் டப்பாவும் அவனுக்கும் பொருந்தும்.

உங்களுக்குச் சந்தேகம், ஆனால் நிச்சயம் இல்லை என்றால் குற்றம் சாட்டாதீர்கள். வாசம் வந்தது, கேட்கிறேன், என்று மட்டும் சொல்லுங்கள். நான் ஒரு முறை அவன் தங்கையின் பாடி ஸ்பிரேயை வேப் என்று நினைத்துக் கத்தி, மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. கேட்டது நல்லதாகவே போயிற்று.

விடுவது பற்றிய இன்னொரு பேச்சு

வீட்டுக்குள் அடங்கிய பிறகு இது எளிதாக வரும். பல வீடுகளில் பிள்ளையே எடுப்பான். எங்கள் வீட்டில் மார்ச் மாதம், பரீட்சைக்கு முன், "படிக்கும்போது அரை மணிக்கு ஒருதரம் எழுந்து வாசலுக்குப் போக வேண்டியிருக்கும்மா, படிக்கவே முடியல" என்றான். வாசலுக்கு நடந்து நடந்துதான் எத்தனை தடவை என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது.

அப்போது அறிவுரை சொல்லாமல் இந்தத் தகவலை மட்டும் கொடுங்கள். விட்டதும் முதல் இரண்டு மூன்று நாள்தான் கடுமை: எரிச்சல், தூக்கமின்மை, கவனம் நிற்காதது. இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணியும். அந்த வாரத்தில் அவன் சுள்ளென்று பேசினால் வீட்டில் எல்லோரும் பொறுத்துக்கொள்ள வேண்டும், பரீட்சை வாரத்தில் தொடங்க வேண்டாம். ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிடத்தில் வடியும். தண்ணீர், நடை, வாயில் போட ஏதாவது இருந்தால் தாண்டிவிடலாம்.

தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. கட்டணம் இல்லை. மனச்சோர்வு, பதற்றமும் கூடவே இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416, இரவிலும் எடுப்பார்கள். நீங்கள் அவனுக்காகக் கூப்பிட்டுப் பேசலாம், ஆனால் எண்ணைக் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே வருவதே நல்லது. நேரில் போக வேண்டுமானால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் புறநோயாளியாகக் காட்டலாம். மனநலப் பிரிவு என்றதும் முகம் சுளிக்காதீர்கள், நிக்கோட்டின் பிடியிலிருந்து விடுவிக்கத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். பல் மருத்துவக் கல்லூரிகளிலும் புகையிலை நிறுத்த ஆலோசனை உண்டு. நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துக் கடையிலேயே கிடைக்கும். ஆனால் எத்தனை மில்லி கிராம், எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்லட்டும், வேப் பிடிப்பவர் எவ்வளவு இழுக்கிறார் என்று சிகரெட் மாதிரி எண்ணிச் சொல்ல முடியாது.

போகும்போது அந்தக் கருவியையும் குப்பியையும் எடுத்துப்போங்கள். எங்கள் மருத்துவர் முதலில் கேட்டது அதைத்தான். மகன் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான். அவர் திட்டவில்லை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தில் பொடியாக எழுதியிருந்ததைப் படித்தார், "ஒரு குப்பி எத்தனை நாள் வருது தம்பி?" என்றார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வெளியே பெஞ்சில் இருக்கிறேன் என்று சொல்லி எழுந்து வந்தேன்.